தேயக் கூடாத பற்கள்

நான் லேசில் எதையும் நம்புகிறவள் இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்க்கும் வேலை. பதினெட்டு வருஷமாகத் தோலை மடித்துப் பார்த்து, ஓரத்தைத் தடவிப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பைக் கண்டுபிடித்துத் தள்ளிவைக்கிற கை இது. வீட்டுக்காரர் மட்டும் எப்படித் தப்புவார்?

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதுவரை ஞாயிறு தவறாமல் கியர் சைக்கிளில் ஏலகிரி மலை ஏறுகிற ஆள். சமமான ரோட்டில் மெதுவாக ஓட்டலாம், தான் சொல்லும்வரை மலைப் பக்கமே போகக் கூடாது என்றார் வேலூர் டாக்டர். "பொண்ணு மேல சத்தியமா ஏற மாட்டேன்" என்று இவர் என்னிடம் சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்ததே அப்போதுதான். சும்மா சொன்னால் போதாதா, பிள்ளையை எதற்கு இழுக்க வேண்டும்?

அதன் பிறகு ஞாயிறு வந்தாலே எனக்குப் பேஜார். வாணியம்பாடியில் எங்கள் வீட்டிலிருந்து ஹைவேயிலேயே நாட்றம்பள்ளி வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பினேன் என்பார். ஒரு தடவை போன் பண்ணினேன். லாரிச் சத்தமே இல்லை. ஹைவேயில் லாரி ஓடாத இடம் எது? "ஓரமா நிழல்ல நிக்கிறேன்" என்றார். இன்னொரு நாள் சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது. "வெயிலு ஜாஸ்தி" என்றார். அது மார்கழி மாதம்.

போன மாதம் சைக்கிள் தகராறு செய்தது. பெடலை அழுத்தினால் செயின் பல்லில் நிற்காமல் வழுக்கியது. செயின் மாற்றச் சொல்லிக் கடையில் விட்டுவிட்டு இவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். எனக்கு அன்று லீவு. மதியம் கடைக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணன் போன் எடுக்கலக்கா. செயினோட கேசட்டும் போச்சு. மாத்திடவா?"

செயின் மாற்ற விட்ட வண்டிக்குக் கேசட்டா? நன்றாக இருக்கிறதே கதை என்று செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

"கழட்டிக் காட்டு தம்பி" என்றேன். பின் சக்கரத்தில் சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கியிருக்கிற பல்சக்கரங்கள்தான் கேசட். அவர் கழற்றி, டீசலில் கழுவி, பேப்பர் மேல் வைத்தார். நகத்தால் பல் பல்லாகத் தடவினேன்.

"இது நல்லாத்தானே இருக்குது?"

"சின்னதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பெருசப் பாருங்க."

பெரிய சக்கரங்களின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நுனி கூர்ந்து போயிருந்தன.

"சமமான ரோட்டுல ஓட்டினா சின்னதுதான்க்கா முதல்ல தேயும். பெருசு தேய ரொம்ப நாளாவும். இங்க உல்டாவா இருக்குது. பெருசு மேடு ஏறத்தான். அண்ணன் மலை ஜாஸ்தி ஏர்றாரு போல."

"இத எப்ப போட்டது?"

"ஆஸ்பத்திரிலேருந்து வந்தாரே, அதுக்கப்புறம் நான்தான் புதுசு போட்டேன்."

அப்படியென்றால் இந்த இரண்டு வருஷமும் மலைதான். ஏமாந்தது கூடப் பரவாயில்லை. அந்தக் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இந்த மனுஷன் சுருண்டு விழுந்திருந்தால்? நான் வீட்டில் சட்னி அரைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

"மலையே ஏற முடியாத மாதிரி கேசட் இருக்குதா? பெரிய சக்கரமே இல்லாம?"

"இருக்குது. ஆனா ஏர்ற ஆளு அதுலயும் ஏறுவாருக்கா. அழுத்தி மிதிக்கணும், மூச்சு வாங்கும். பெருசு இருந்தா கால் லேசா சுத்தும். நெஞ்சுக்குக் கஷ்டம் கம்மி."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த வண்டிக்கு இருக்கறதுலயே பெருசு எதுவோ, அதப் போடு" என்றேன்.

சாயந்திரம் இவர் சைக்கிளை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "இவ்ளோ பெருசா? யாரு போடச் சொன்னது?"

"நான்தான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஏறலாமான்னு டாக்டரக் கேட்டா வேணாம்னுடுவாரோன்னு பயம். அதான் கேக்கவே இல்ல" என்றார்.

"திங்கக்கிழமை வேலூர் போறோம். நானும் உள்ள வருவேன். நீங்க தனியா போய்ட்டு வந்து 'ஏறலாம்னாரு'ன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்."

"வேணாம்னுட்டாருன்னா?"

"என்னைத் தனியா விட்டுட்டுப் போற அளவுக்கு ஒரு மலை வேணுமா உங்களுக்கு?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.