கப்பலில் போன சில்லுத் திறப்பு

இந்த நாட்டில் காருக்கும் பனிக்கொரு சப்பாத்து, வெயிலுக்கொரு சப்பாத்து. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், அயல்வீட்டுக்காரர் நல்ல ரயர்கள் நாலையும் கழற்றிவிட்டு வேறு நாலைப் பூட்டியதைக் கண்டு, மனுசனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பரிதாபப்பட்டேன். இப்போது நானும் வருடத்துக்கு இரண்டு தரம் அதையே செய்கிறேன்.

போன கோடையில் காருக்குப் புதுச் சில்லும் ரயரும் போட்டதால் பழைய நாலும் கராஜில் கிடந்தன. உடுப்பிட்டியில் அண்ணை ஓட்டுவதும் இதே மாதிரிக் கார்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியிறக்கி அதன் ரயர்கள் மொட்டையாகிவிட்டன. அங்கே இறக்குவதற்கான அனுமதிக் கடிதங்களை அவர் எடுத்துவிட்டார். மலிவாக அனுப்புவது என் பொறுப்பு.

கப்பல் பொதிக் கடைக்காரரும் நம்மவர்தான். நிறைக்கல்ல, அடைக்கும் இடத்துக்கே காசு. "பெட்டி வேண்டாம் அண்ணை. காத்தைக் கொஞ்சம் இறக்கி, ரெண்டு ரெண்டாக் கட்டுங்கோ. முகத்துக்கு மட்டை வையுங்கோ" என்றார். மட்டையை வட்டமாக வெட்டி வைத்து, பொலித்தீன் சுற்றி, ஒட்டுநாடாவால் இறுக்கினேன். கடைசிச் சோடியில் மனைவி மலர் எட்டிப் பார்த்தாள்.

"உந்தப் பொந்துக்குள்ளை ஒண்டுமில்லையே? வெறுங்காத்துக்கோ காசு குடுக்கிறியள்?"

யாழ்ப்பாணத்துக்குப் போகும் பொதியில் வெற்றிடம் விடுகிறவன் எங்கள் ஊரில் பிறந்தவனாக இருக்க முடியாது. சவர்க்காரம், சொக்லேட், தைலம் எல்லாம் இறங்கின. அப்படியும் ஒரு கைப்பிடி இடம் மிஞ்சியது. கராஜ் தட்டில் கிடந்த உதிரி நட்டுகளை அப்படியே அள்ளி, பழைய கால்மேசொன்றுக்குள் போட்டு அடைத்தேன்.

ஐப்பசியில் பனி ரயர் மாற்றப் போனபோது, கிழட்டு மெக்கானிக் ஒரு சின்னத் திறப்பைக் கேட்டார். கள்ளருக்குப் பயந்து சில்லுக்கு ஒன்றாகப் போட்டிருக்கும் பூட்டு நட்டைக் கழற்ற அது வேண்டும். அதுவும் அந்தத் தட்டில்தான் கிடந்தது. இப்போது மேசுக்குள், கப்பலில். அடுத்த கிழமை பனியாம். கார் வழுக்கி ஏரிக்குள் விழுவதில் தொடங்கி, மரண அறிவித்தலில் எந்தப் படத்தைப் போடுவார்கள் என்பதுவரை யோசித்துவிட்டேன். மீசை வைத்த படம் மட்டும் வேண்டாம். அங்கேயே நின்று அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, கப்பல் வந்திட்டுதோ?"

"கப்பல் என்ன உடுப்பிட்டிச் சந்தியிலையே நிக்குது, எட்டிப் பாக்க? என்னடா, அழுறியே?"

"இல்லை, தடிமன்."

மெக்கானிக்கிடம், திறப்பு கப்பலில் என் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். அவர் முகம் இளகியது. கையைத் துடைத்துவிட்டு வந்து என் கையைக் குலுக்கினார். "நல்லது. எத்தனை வருடத்துக்குப் பிறகு ஊருக்கே திரும்புகிறீர்கள்?"

"நான் போகவில்லை. திறப்பு மட்டும்தான்."

குலுக்கிய கையை விட்டுவிட்டார். பிறகு ஒரு இரும்புக் குழலை நட்டின்மேல் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு, ஒரு திருகு. கழன்று வந்தது. மற்ற மூன்றும் அப்படியே. என் மரண அறிவித்தல் அதோடு ரத்து.

பொதி மார்கழியில் போய்ச் சேர்ந்தது. அண்ணை தொலைபேசியில் வீடியோ காட்டினார். சில்லுகளில் சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு தேசிக்காய். கார் நகர, நாலும் நசிந்தன.

"ரயர் சோக்கு. ஆனா சவர்க்கார வாசம், காருக்குக் கிட்டப் போனாலே குளிச்ச மாதிரிக் கிடக்கு. மேசுக்குள்ளை ஒரு திறப்பும் கிடந்தது, அனுப்பட்டோ?"

வேண்டாம் என்றேன். அது திறக்கும் நட்டுகள் இங்கே குப்பைக்குப் போய்விட்டன. அது இப்போது அண்ணை வீட்டுத் திறப்புகளோடு ஒரே ஆணியில் தொங்குகிறது. தம்பி எப்ப வாறார் என்று யாரும் கேட்டால் அண்ணி அந்த ஆணியைக் காட்டுகிறாராம்.

"வராமல் எங்கை போறது? அவரின்ரை திறப்பு இஞ்சைதானே கிடக்கு."