கீழே ஓடும் வரி

சித்திரை 23, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். துணி துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல டிவியில் எங்கள் ஊர் சேனலை வைத்தேன். கீழே வரி ஓடியது... அரசின் சாதனைகள். மழையைப் பற்றி ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது.

கோடை மழைதானே, நல்லதுதானே என்பீர்கள். மரக்காணத்தில் அப்படிச் சொல்ல முடியாது. உப்பளத்தில் குவித்த உப்பைக் கீற்று போட்டு மூடாவிட்டால், ஒரு மழைக்கு மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான்.

எங்கள் கேபிள் ஆபரேட்டர் செல்வம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அவருடைய மச்சான்கள் கடலுக்குப் போகிறவர்கள். காற்று திரும்பினால் படகிலிருந்து போன் வரும். உடனே அவர் நடத்தும் ஊர் சேனலில் வரி ஓடும் — 'நாலு மணிக்கு மழை. உப்பை மூடுங்க.' ஓடினால் மூடுவார்கள். ஓடாவிட்டால் திறந்தே போட்டிருப்பார்கள். செல்போனில் பார்க்கக் கூடாதா? அது மாவட்டம் முழுவதற்கும் தினமும் 'மழைக்கு வாய்ப்பு' என்று சொல்லும். யார் நம்புவது?

அப்புறம்தான் அரசாங்கம் கேபிளுக்குள் வந்தது. இலவச பாக்ஸ், குறைந்த கட்டணம். சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம். ஆனால் பாக்ஸ் யாருடையதோ, சேனல் நம்பரும் அவர்களுடையதுதானே? ஊர் சேனலுக்கு டெண்டர் என்றார்கள். அவர்கள் கேட்ட டெபாசிட்டுக்குச் செல்வம் வீட்டை விற்றாலும் போதாது. மேலிடத்தில் ஆள் இருக்கிற வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்துவிட்டார். திங்கள் ராத்திரியோடு செல்வத்தின் இணைப்பைத் துண்டித்தார்கள். போய்வருகிறேன் என்று சொல்லக்கூட அவருக்கு ஒரு வரி தரவில்லை. நம்பர் அதே நம்பர். வரியும் அதே இடத்தில் ஓடியது. கை மாறியது அன்று யாருக்குத் தெரியும்?

மழை விட்டதும் பக்கத்து வீட்டு அஞ்சலை, செல்வத்தின் வாசலில் போய் நின்றார். குத்தகைக்கு உப்பளம் எடுத்திருப்பவர். கோடை முழுக்கப் புருஷனும் அவரும் வாரிக் குவித்த உப்பு கரைந்துவிட்டது. மறுநாள் ஏற்ற லாரி சொல்லியிருந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏம்பா, உனக்கு கண்ணு அவிஞ்சா பூடுச்சி? ஒரு வார்த்த ஓட்டக் கூடாது?"

"எதுலக்கா ஓட்றது? சேனல புடுங்கிட்டானுங்க."

"கத வுடாத. கீழ எழுத்து ஓடிக்கினுதான இருந்துச்சி? நாலு தபா பாத்தேன். மழன்னு ஒண்ணுமே வரல. அத நம்பித்தான உப்ப மூடாம வந்தோம்!"

"அது எவனோ ஓட்றான்க்கா. மழ வருதுன்னு மச்சான் போன் பண்ணான். வண்டிய எடுத்துக்கினு கத்திக்கினே வந்தேன். உங்க பாத்திக்கு வர்றதுக்குள்ள புடிச்சிக்கிச்சி."

செல்வத்தின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்ததை அஞ்சலை அப்போதுதான் பார்த்தார்.

"போயி தலைய தொவட்டு" என்றார். "லாரிக்காரனுக்கு நான் என்னா சொல்றது?"

ஊர் சேனலை எடுத்தவருக்கு எங்கள் ஊரில் ஒரு பிடி உப்பு கிடையாது. அவர் ஏன் வானத்தைப் பார்க்கப் போகிறார்? அவர் பார்க்க வேண்டிய இடம் வேறு.

புதன்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக டிவியைப் போட்டேன். கீழே வரி ஓடிக்கொண்டிருந்தது: 'மரக்காணத்தில் கோடை மழை — பொதுமக்கள் மகிழ்ச்சி.'