சுல்மாவின் இடது கை

தினமும் காலையில், குழல் வைத்து உறிஞ்சும் மாத்தேத் தேநீருக்கு வெந்நீர் காய்கிற நேரத்துக்குள், சுல்மா பெந்தன்கூர் இடது கை நகங்களை வெட்டிக்கொள்வார். வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, நேற்றுதான் வெட்டியிருப்பார். இருந்தாலும் வெட்டுவார். பிறகு அரம். பிறகு ஒவ்வொரு விரல் நுனியையும் கீழுதட்டின் மேல் வைத்து இழுத்துப் பார்ப்பார். எங்காவது உரசினால் மறுபடி அரம். வலது கை இந்தச் சடங்குக்கே வராது. அதன் ஐந்து நகங்களும் நீளமாக, பளிச்சென்ற சிவப்பில், பதினைந்து நாளைக்கு ஒருமுறை துராஸ்னோ கடைத்தெருவில் பூசிக்கொண்டவை. பூசுகிற பெண் பாதிக் கூலிதான் வாங்குகிறாள்.

"ஒரு கை மாட்டுக்கு, ஒரு கை எனக்கு" என்பார் கேட்பவர்களிடம்.

இடது கை தோள்வரைக்கும் பசுவின் ஆசனவாய்க்குள் போகிற கை. குடலின் சுவருக்கு அப்பால் இருக்கும் கருப்பையை விரலால் தடவி, சினையா காலியா என்று சொல்லும் கை. ஏப்ரல், மே என்று இலையுதிர் காலம் வந்தால் ஒரு நாளைக்கு நானூறு மாடு. காலி என்று சொன்ன மாட்டின் வால் குஞ்சத்தை, பின்னால் நிற்பவர் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவார். குஞ்சம் போன மாடு மறுநாள் லாரி ஏறி இறைச்சிக் கூடத்துக்குப் போகும். எங்கள் பக்கத்தில் ஒரு மாட்டின் ஆயுள் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

பத்தொன்பது வருடம் சுல்மா அந்தக் கத்தரிக்கோலைப் பிடித்தவர். யார் யாரோ டாக்டர்கள் சொல்ல, இவர் நறுக்கினார். முப்பத்தெட்டாவது வயதில் மகளோடு சேர்ந்து தலைநகர் மொந்தேவிதேயோவுக்குப் பேருந்து ஏறினார். மகள் சட்டம் படிக்க, தாய் மாட்டு வைத்தியம் படிக்க. மகள் சீக்கிரம் முடித்துவிட்டாள். தாய், அறுவடைக்குப் போவதுபோல, ஒவ்வோர் இலையுதிர் காலமும் சினை பார்க்கிற வேலைக்கு ஊர் திரும்பி, கத்தரிக்கோல் பிடித்து, அடுத்த பருவக் கட்டணம் சேர்த்துக்கொண்டு போனார். பட்டம் வாங்கியபோது நாற்பத்தாறு. ஜனவரியில் ப்ரூனோ எச்செவெரியின் மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தபோது நாற்பத்தேழு. ப்ரூனோவுக்கு முப்பத்து மூன்று.

வேலையில் சேர்ந்த அன்று ப்ரூனோ இரண்டு பக்க ஒப்பந்தத்தை நீட்டினார். மாதச் சம்பளம், ஜூனிலும் டிசம்பரிலும் அரைச் சம்பளம் கூடுதல், இருபது நாள் விடுப்பு, மருத்துவக் காப்பு, எரிபொருளோடு ஒரு வெள்ளை வண்டி, வருடத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் காலணி, சினை பார்க்கிற மாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு. முதல் தொண்ணூறு நாள் பரிசோதனைக் காலம். சுல்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் படித்தார். பிறகு சிவப்பு நகத்தால் ஒரு வரியைத் தொட்டார்.

"தலைக்கு இவ்வளவுங்கிறத எடுத்துடுங்க டாக்டர்."

"அதுலதாங்க காசே இருக்கு."

"தலைக்குக் காசுன்னா கை ஓடும். எனக்கு இப்ப கை நிக்கணும்."

அதற்குப் பதில் அவர் கேட்டது ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை தோறும் நாலு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் ப்ரூனோ பதில் சொல்ல வேண்டும். ப்ரூனோ சிரித்துவிட்டார். சுல்மா பேனாவை வாங்கி, அந்த வரியின் ஓரத்தில் தன் கையாலேயே 'சிரிக்காமல்' என்று எழுதிச் சேர்த்தார். அப்புறம்தான் கையெழுத்து.

அந்த வெள்ளிக்கிழமைகளை மருத்துவமனை முழுக்க அறியும். சுல்மா எண் போட்ட கேள்விகளோடு ஒரு பள்ளிக்கூட நோட்டு கொண்டுவருவார். திறந்திருக்கும் கதவையும் தட்டிவிட்டுத்தான் நுழைவார். வாரம் முழுக்க "டாக்டர், டாக்டர்" என்று அழைப்பவர், கதவு சாத்தியதும் "தம்பி" ஆக்கிவிடுவார். ப்ரூனோவுக்கு அது பரீட்சை மாதிரி. வியாழக்கிழமை மத்தியானமே பழைய பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க தம்பி. சுத்தி வளைக்காதீங்க. இந்த மணிக்கு நான் காசு குடுத்திருக்கேன்."

மற்ற நாட்களில் ப்ரூனோ அவரோடு பண்ணைக்கு வருவார். பட்டி வேலியின் மேல் ஏறி உட்கார்ந்து, மாத்தேயை உறிஞ்சியபடி, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். சந்தேகம் என்றால் இறங்கிவந்து தானும் கையை விட்டுப் பார்ப்பார். ஏப்ரலில், எண்பத்தாறாம் நாள், வால்டெமார் சில்வெய்ரா பண்ணைக்கு முதல்முறையாக சுல்மா தனியாகப் போனார். ப்ரூனோவுக்கு வேறோர் இடத்தில் ஈனும்போது கன்று மாட்டிக்கொண்ட பசு.

வால்டெமாருக்கு எழுபது வயது. சுல்மாவைக் கத்தரிக்கோலோடு பார்த்தே பழகியவர்.

"என்ன கத்தரிக்கோலு, டாக்டர் எங்க?"

"டாக்டர் வந்தாச்சு. வால நறுக்கத்தான் ஆள் வேணும். நீங்க வர்றீங்களா?"

பண்ணை ஆட்கள் குனிந்து சிரித்தார்கள். வால்டெமார் சிரிக்கவில்லை. "பொலிகாளைங்கள பிப்ரவரி பதினஞ்சுக்கே வெளிய எடுத்தாச்சு. அம்பது நாளுக்குக் குறைஞ்ச சினை என் பட்டியில கிடையாது. அத மனசுல வச்சுக்க" என்று மட்டும் சொன்னார்.

மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுகிய மரப்பாதையில் வந்தன. நானூற்றுப் பன்னிரண்டு. சுல்மாவின் குரல் ஒரே சீராக ஓடியது: சினை, சினை, காலி, சினை. சாயங்காலம் அறுபத்தொரு மாட்டுக்குக் குஞ்சம் போயிருந்தது. வால்டெமார் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலைக்கு லாரி சொன்னார்.

மறுநாள் விடிகாலை. நகம் வெட்டி, அரம் போட்டு, உதட்டில் இழுத்துப் பார்த்து, சுல்மா குளிருக்கு மேல்கோட்டை எடுத்தார். கையை நுழைக்கும்போது உள்துணி கிழிந்து தொங்கியது தட்டுப்பட, இழுத்துவிட அதை விரலிடுக்கில் பிடித்தார். வழவழவென்று அந்த மெல்லிய துணி, தடித்த துணிக்கு உள்ளேயிருந்து நழுவிப் போனது. அப்படியே நின்றுவிட்டார். நேற்று இதே விரல்களுக்கு நடுவே, இதே மாதிரி ஒன்று நழுவியது. முகமெல்லாம் வெள்ளையாய், வலது கண்ணைச் சுற்றி மட்டும் சிவப்பு வளையம் போட்ட பசு. காதுவில்லை எண் 2207-இல் முடியும். கருப்பையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கியபோது உள்ளே ஏதோ ஒரு சவ்வு நழுவியதுபோல இருந்தது. ஐம்பது நாளுக்குக் குறைந்தது இங்கே கிடையாதே என்று வாய் 'காலி' என்று சொல்லிவிட்டது.

ப்ரூனோவுக்குத் தொலைபேசினார்.

"ஒரு மாட்டத் தப்பாச் சொல்லிட்டேன் டாக்டர்."

"தப்புன்னு தெரியுமா, சந்தேகமா?"

"சந்தேகந்தான். லாரி ஏழு மணிக்கு."

தொண்ணூறு நாளில் மூன்று நாள் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பசு கறியாகியிருக்கும், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இதை சுல்மாவே பிறகு சொன்னார், சாதாரணமாக. அந்த நாற்பது கிலோமீட்டரும் யோசித்துக்கொண்டே ஓட்டியதாகவும் சொன்னார். "யோசிச்சது உண்மை. வண்டி நிக்கல, அதுவும் உண்மை."

லாரியில் பாதி ஏற்றியாகிவிட்டது. 2207 முதல் ஆளாக ஏறி, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் மூலையில் நின்றது. அதை இறக்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் நிற்கும் பதினோரு மாட்டையும் இறக்க வேண்டும்.

"ஏம்மா, உனக்கு ஒரு மாட்டு மேல ஆசை வந்துடுச்சுன்னா நாங்க ஊர்வலம் நடத்தணுமா?" என்றான் லாரி ஓட்டுநர்.

"நடத்து. உன் கல்யாண ஊர்வலத்துல இதவிடக் கூட்டம் கம்மி."

இறக்கினார்கள். சுல்மா கையுறை மாட்டி, கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சினை. முப்பது, முப்பத்தஞ்சு நாள்."

வால்டெமாரின் முகம் சிவந்தது. "என் காளை ஏழு வாரமா உள்ள இல்ல."

"உங்க காளைன்னு நான் சொல்லல. தெற்கு வேலியில ஒரு இடத்துல கம்பி புதுசா மின்னுது. வர்றப்பப் பாத்தேன். அந்தாண்டை ஒரு பழுப்புக் காளை நல்ல பிள்ளையாட்டம் மேயுது."

ஆட்களில் ஒருவன் இருமினான். வால்டெமார் விடவில்லை.

"நேத்து காலின்ன. இன்னைக்கு சினைங்கற. ரெண்டுல ஒண்ணு நிச்சயமாத் தப்பு. எது?"

"நேத்து சொன்னது" என்றார் சுல்மா. "தேதிய நம்பினேன். விரல நம்பல."

அதற்குள் ப்ரூனோவின் வண்டி வந்துவிட்டது. அவர் நேரே பசுவிடம் வந்தார். சட்டையைக் கழற்றி, கையுறை மாட்டி, கையை விட்டார். ரொம்ப நேரம் ஆயிற்று. வெளியே எடுத்தபோது நெற்றியில் வேர்த்திருந்தது.

"என்னால எதுவும் சொல்ல முடியல. முப்பது நாள் இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"ரெண்டு டாக்டர், ஒரு மாடு, அரை பதில்" என்றார் வால்டெமார். இருந்தாலும் 2207-ஐ நிறுத்திக்கொண்டார். லாரி புறப்படும்போது ஓட்டுநரிடம் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: "பய அந்தம்மாவக் காப்பாத்துறான்."

சுல்மாவுக்கும் அதே எண்ணம்தான். அன்று நாலு மணிக்குக் கதவைத் தட்டி நுழைந்து, நோட்டைத் திறக்காமலே கேட்டார்.

"என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னீங்களா தம்பி?"

ப்ரூனோ பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினார். "அடுத்த கேள்வி."

"இன்னைக்கு ஒரே கேள்விதான்."

"முப்பது நாள் போகட்டும், சொல்றேன்."

"நான் தப்புப் பண்ணா தப்புன்னு சொல்லத்தானே இந்த மணி? தட்டிக் குடுக்க எனக்கு வீட்ல ஆள் இருக்கு" என்று நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பிஸ்கட்டைத் தொடவில்லை. பாக்கி ஐம்பத்தைந்து நிமிடத்தையும் அவரே விட்டுக்கொடுத்த ஒரே வெள்ளிக்கிழமை அது.

திங்கட்கிழமை ப்ரூனோ நிரந்தர வேலைக்கான காகிதத்தை மேசைமேல் வைத்தார். சம்பளம் கொஞ்சம் கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை வரி அப்படியே இருந்தது, 'சிரிக்காமல்' அச்சிலேயே ஏறியிருந்தது. சுல்மா வழக்கம்போலக் கீழிருந்து மேலாகப் படித்தார். மடித்து, வண்டியின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"மாடு சொல்லட்டும். காலின்னா எனக்கு விரலும் இல்ல, தேதியும் இல்லன்னு அர்த்தம். பழைய கத்தரிக்கோல் இன்னும் வீட்லதான் இருக்கு."

அந்த முப்பது நாளும் அவர் நகத்தை வெட்டினார். இரண்டாயிரத்துக்கு மேல் மாடு பார்த்தார். ஒருதரம்கூட வாயை விரலுக்கு முன்னால் ஓடவிடவில்லை. பண்ணைக்காரர்கள் முதலில் பொறுமையிழந்தார்கள். பிறகு அவர் நின்று பார்க்கிற மாட்டைத் தாங்களும் நின்று பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். வலது கைக்கு மட்டும் சாயம் பூசப் போகவில்லை. அடியிலிருந்து நகம் வளர்ந்து, சிவப்பு நுனிக்கு நகர்ந்துகொண்டே போனது. கடைத்தெருப் பெண் ஆள் அனுப்பிக் கேட்டாள், உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று.

மே மாதம், சரியாக முப்பதாம் நாள், மருத்துவமனைத் தொலைபேசியில் வால்டெமார்.

"டாக்டரம்மாவ அனுப்புங்க."

"நானும் வரேன்" என்றார் ப்ரூனோ.

"நீங்க எதுக்கு? வேலி மேல உக்கார எங்கிட்ட ஆள் இருக்கு."

உண்மையிலேயே இருந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலைந்து பேர், பழுப்புக் காளையின் சொந்தக்காரர் உட்பட, வரிசையாக வேலிமேல். 2207-இன் வாலில் குஞ்சம் கொஞ்சம் முளைத்திருந்தது. சுல்மா கையை விட்டார். இந்தமுறை கண்ணை மூடத் தேவைப்படவில்லை. உள்ளே, நீர் நிறைந்த ஒரு பையில், சுண்டெலி அளவில் ஒன்று விரலில் முட்டி விலகியது.

"அறுபத்து மூணு நாள்" என்றார்.

வால்டெமார் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திரும்ப மாட்டிக்கொண்டார். "அடுத்த வருஷமும் நீங்களே வாங்க டாக்டரம்மா. தேதி எதுவும் நான் சொல்லப்போறதில்ல." பிறகு பழுப்புக் காளைக்காரரிடம் திரும்பி, வேலிக் கம்பியைப் பற்றி வேறு தொனியில் பேச ஆரம்பித்தார்.

சுல்மா வண்டிக்குப் போனார். முன்பெட்டியைத் திறந்து, காகிதத்தை எஞ்சின் மூடிமேல் விரித்து, சாணி உலராத இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நுனியில் மட்டும் சிவப்பு எஞ்சியிருந்த வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

மிச்சம் தெரியவந்தது டிசம்பரில், வெள்ளை முகமும் பழுப்பு உடம்புமாக அந்தக் கன்று பிறந்த பிறகு. வால்டெமார் இறைச்சி வாட்டும் அடுப்புக்கருகில் நின்று சொன்னார். லாரி போன அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை, ப்ரூனோ யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்கேன் கருவியோடு தனியாக வந்திருக்கிறார். வால்டெமார்தான் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். திரையில் அரிசி அளவில் ஒன்று துடித்ததை இருவரும் பார்த்திருக்கிறார்கள். கருவியில் பார்த்ததை இப்போது யாரிடமும் சொல்ல வேண்டாம், அவங்க கையே சொல்லட்டும் என்று ப்ரூனோ கேட்டுக்கொண்டாராம். அதன் பிறகு கருவியை அணைத்துவிட்டு, புதுக் கையுறை ஒன்றை மாட்டி, எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாகிவிட்ட அதை விரலால் தேடி, மாத்தே ஆறிப்போகும்வரை அந்தப் பசுவின் பின்னால் நின்றிருக்கிறார். அன்றைக்கும் விரலுக்குக் கிடைக்கவில்லையாம்.