பின்னுக்குப் போகாத கார்

சென்ற மாதம் வேலணையில் ஒரு முட்டு ஒழுங்கைக்குள் இருந்து எங்கள் மகள் தன் புதுக் காரைப் பின்னுக்கு எடுத்தாள். ஒரே ஒரு வீட்டுப் படலையோடு முடிகிற ஒடுக்கமான ஒழுங்கை அது. இரண்டு பக்கமும் சீமெந்து மதில். கார் பீப், பீப் என்று கத்திக்கொண்டே போனது. பின்பக்கம் முழுவதும் முன்னாலிருந்த சிறு திரையில் படமாகத் தெரிந்தது. நான் பழக்கதோஷத்தில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்கள் பின்னுக்குப் பாக்கத் தேவையில்லை. கார் பாக்கும்" என்றாள்.

பின்னுக்குப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? பத்தொன்பது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது, தேநீரில் சீனி கூடவா குறைவா, எல்லாம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் எழுபதுகளின் கடைசியில் எழுதிய ஒரு குறிப்பேட்டை எடுத்துத் திறந்தேன். நடுப்பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கறை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் பெற்றோலும் மழையில் நனைந்த தோல் ஆசனமும் மணந்தன. இத்தனை வருடத்துக்குப் பிறகு தாளில் அந்த மணம் இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் மூக்கும் என்னைப் போலத்தான், எழுதி வைத்ததை நம்பும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சொந்த ஊர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், வேலணைக்குப் பக்கத்துச் சரவணை. வேலை பண்டாரவளையில், நில அளவைக் கந்தோர் ஒன்றில் படம் வரைவது. காணிகளின் எல்லைகளைக் கோடாக இழுக்கும் வேலை. கோடு ஒரு மயிரிழை விலகினாலும் எனக்குச் சோறு இறங்காது. அதே கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தான் சவிரிமுத்து. ஊர்காவற்றுறைக்காரன், தகப்பன், தமையன் எல்லாரும் கடற்றொழில். மலைநாட்டுக் குளிரில் இரண்டு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துப் பார்ப்பான்.

காரைக் கண்டுபிடித்தவன் அவன்தான். அவுஸ்திரேலியாவில் இருந்த தன் மகளிடம் போய்விட ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு பறங்கி மனிதரின் வீட்டில் நின்றது. சின்னஞ்சிறிய, கூரையில்லாத கார். ஒரு காலத்தில் பச்சை. முன்னால் இரண்டு பேர் இருக்கலாம். பின்னால் ஒரு பலகை, அதில் ஒருவர் முழங்காலை நாடியில் முட்டவைத்து இருக்கலாம். ஹோர்னின் ரப்பர்ப் பந்தை அமுக்கினால் மாரித் தவளை கத்தும். செய்த கம்பனியின் பெயர் இருந்த இடத்தில் இரண்டு துளைகள்தான் மிஞ்சியிருந்தன. நான் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு போய், விளக்கு, பிரேக், சில்லு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி போட்டேன். அவருடைய வீட்டு முற்றத்தில் பூம்பாத்தியைச் சுற்றி வட்டமாக ஒரு பாதை. அதில் மூன்று சுற்று ஓட்டியும் பார்த்தேன். இறங்கியபோது அவர் காரின் முதுகைத் தட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"இவ முன்னுக்கு மட்டும் போற பிள்ளை, தம்பி."

எவ்வளவு நல்ல வார்த்தை என்று நினைத்து, அதை எழுதி அடியில் கோடும் போட்டேன்.

ஏன் வாங்கினேன் என்று குறிப்பேட்டில் இல்லை. 'வாங்கினேன்' என்று மட்டும் இருக்கிறது. ஆனால் காரணம் அதற்கு முந்திய பக்கத்தில் ஒட்டியிருக்கும், என்னைப் பெற்ற ஐயாவின் கடிதத்தில் இருக்கிறது. வேலணையில் ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார் ஒருவரின் மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். 'பொடியன் கணக்கான பொடியன், கத்தரிக்காய் வாங்கினாலும் மூன்று தரம் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவான் என்று சொல்லியிருக்கிறோம். வாத்தியாருக்கு அது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. லீவில் வரும்போது நேரே அங்கே வந்து இறங்கு. நாங்கள் அங்கே நிற்போம்' என்று ஐயா எழுதியிருந்தார்.

பெண்ணின் பெயர் தவமணி. ஒரு வருடத்துக்கு முன்னர் வேலணைச் சந்தியில் அவளைக் கண்டிருந்தேன். பஸ் வந்து நின்றது. அவள் கையில் புத்தகம். இன்னும் இரண்டு பக்கம்தான் மிச்சம் போல. பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், பஸ்ஸைப் போகவிட்டுவிட்டு வாசித்தாள். ஒரு நிமிடம் பிந்தினாலும் வியர்த்துப்போகிற எனக்கு, அப்படி ஒரு பெண்ணைவிட வேறு யாரையும் கட்டக்கூடாது என்று தோன்றிவிட்டது. அப்படிப்பட்டவளின் வீட்டு வாசலில் பஸ்ஸிலா போய் இறங்குவது?

லீவு கிடைத்ததும் நானும் சவிரிமுத்துவும் காலை ஏழு ஐந்துக்குப் புறப்பட்டோம். வெலிமடையில் ஒரு தேநீர்க் கடைச் சுவரை முட்டினாற்போல் காரை விட்டுவிட்டு, தேநீர் குடித்து, வந்து ஏறினேன். பின் கியரைப் போட்டேன். கார் உறுமியது, அசையவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி உறுமியது. என் இரண்டு பக்கப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பின் கியர் என்று ஒரு வரி அதில் இல்லவே இல்லை. அடிக்கோடு போட்ட அந்த நல்ல வார்த்தையின் பொருள் அப்போதுதான் விளங்கியது.

"திரும்பிப் போய் அந்த மனிசனிட்டைக் கேப்பம்" என்றேன்.

"திரும்ப ஏலாமத்தானே ஐசே நிக்கிறம்" என்றான் சவிரிமுத்து.

அவன் இறங்கிப் பின்னுக்குத் தள்ளினான். தார் ரோட்டில் குழந்தை வண்டியைத் தள்ளுவதுபோலப் போனது. "இதுக்கேன் முகத்தை நீட்டுறீர்? எங்கடை வள்ளத்துக்கு ரிவேஸ் இருக்கே? முன்னுக்குப் போய், வளைச்சு வாறதுதானே. திரும்ப இடம் இருக்கோ எண்டு பாத்துப் போனால் காணும்."

அதன் பிறகு நாங்கள் அந்தக் காரை வள்ளத்தைப் போலத்தான் ஓட்டினோம். நிற்பாட்டுவதற்கு முன்னர் எப்படிப் புறப்படுவது என்று யோசித்தோம். நுவரெலியாவைத் தாண்டி இறங்கும் வளைவு ஒன்றில் கொழுந்து ஏற்றிய லொறி எதிரில் வந்து நின்றது. ஏறிவருகிறவனுக்கு இறங்குகிறவன் இடம் விட வேண்டும்.

"யோவ், பின்னாடி எடுய்யா!" என்றான் லொறிக்காரன்.

"அண்ணை, இது பின்னுக்குப் போகாது!"

"போகாதா? அப்புறம் எதுக்குய்யா அத வண்டின்னு வச்சிருக்கே?"

அவன் வைதுகொண்டே அத்தனை பெரிய லொறியைப் பின்னுக்கு எடுத்து இடம் விட்டான். சவிரிமுத்து எழுந்து நின்று அவனுக்கு ஒரு சலூட் அடித்தான். கண்டியில் ஒரு நண்பனின் அறையில் தங்கினோம். மறுநாள் மாத்தளையில் மழை பிடித்துக்கொண்டது. நான் ஓட்ட, அவன் இருவருக்கும் ஒரு குடை பிடித்தான். காற்றுக்கு ஏற்றபடி குடையைச் சரிப்பதில் அவனுக்கு நிகர் இல்லை. பஸ்ஸில் போனவர்கள் யன்னலால் கை காட்டினார்கள். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும், நாங்களும் நின்றோம். தேங்காயை நான் உடைக்கப் போக, "தாரும் இஞ்சை" என்று பறித்து கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரனான சவிரிமுத்துவே உடைத்தான். "பிள்ளையாரே, எங்களைப் பின்னுக்கு விட்டிடாதையும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனையிறவு தாண்டியதிலிருந்து கத்தரிக்காய்தான் நினைவில் நின்றது. மூன்று தரம் திருப்பிப் பார்க்கிறவன், திரும்பவே தெரியாத காரை வாங்கிக்கொண்டு வருகிறான். வாத்தியார் அறிந்தால் இந்தச் சம்பந்தம் அதோடு சரி. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். கரையில் ஒதுங்கிய கடற்புல்லின் சாதாளை மணம் முகத்தில் அடித்தது. சவிரிமுத்து ஒரு சுவெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, "ஒருத்தருக்கும் சொல்லாதையும். காரைப் பெருந்தெருவிலை விட்டிட்டு நடந்து போவம்" என்றான். அருமையான திட்டம். எழுதிக்கொண்டேன்.

ஒழுங்கை வாசலில் வாத்தியாரே நின்றார்.

"வாரும் தம்பி, வாரும். இதுதானோ நீர் ஐயாவுக்கு எழுதின கார்? நல்ல வடிவு" என்று சொல்லிக்கொண்டே முன் ஆசனத்தில் ஏறி இருந்துவிட்டார். சவிரிமுத்து பின்பலகைக்குப் போனான். "உள்ளுக்கு விடும்!"

விட்டேன். மணல் ஒழுங்கை. இரண்டு பக்கமும் பனையோலை வேலி. படலைக்கு உள்ளே முற்றம் நிறையப் பிளந்த பனங்கிழங்கு ஒடியலுக்காகக் காய்ந்தது, திருப்ப இடமில்லை. படலையடியில் நிற்பாட்டினேன். உள்ளே அம்மாவும் ஐயாவும் இருந்தார்கள். பனங்காய்ப் பணியாரம் தந்தார்கள். நன்றாக இருந்ததாக எழுதியிருக்கிறேன், எனக்கு ஞாபகமில்லை. தவமணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லாம் நல்லபடி முடிந்து, வழியனுப்பக் குடும்பமே படலைக்கு வந்தது.

"எங்கை, பின்னுக்கு எடு பாப்பம்" என்றார் ஐயா, பெருமையாக.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சவிரிமுத்து வானத்தைப் பார்த்தான். "எஞ்சின் சூடாகிட்டுதாக்கும்" என்று தொடங்கினான்.

"இல்லை" என்றேன். "இதுக்குப் பின் கியர் இல்லை."

வாத்தியார் பரீட்சை மண்டபக் குரலில் கேட்டார்: "ஆர் பாத்து வாங்கினது?"

"நான்தான். ரெண்டு பக்கத்துக்கு எழுதி வைச்சுப் பாத்தனான். இதை மட்டும் எழுதேல்லை."

ஐயா வேலியைப் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. ஒன்றுதான், உடனே நின்றுவிட்டது.

தள்ளினோம். தார் ரோட்டில் தள்ளியதுபோல் இல்லை. பத்தடி போனதும் பின்சில்லுகள் இரண்டும் மணலில் புதைந்தன. அப்போது வேலிக்கு மேலாக ஒரு தலை எழும்பியது. பக்கத்து வளவுச் சின்னத்தம்பியர். அந்த மாதம்தான் அவர் பச்சைத் தடிகளைக் கதியாலாக நட்டுப் புதிதாக வேலி அடைத்திருந்தார். அடைக்கும்போது மூன்று அங்குலம் ஒழுங்கைக்குள் தள்ளி அடைத்துவிட்டார் என்பது வாத்தியாரின் வழக்கு. அன்று முதல் இருவருக்கும் பேச்சு இல்லை.

"தம்பி, கதியால் இன்னும் வேர் விடேல்லை" என்றார் சின்னத்தம்பியர் என்னிடம். "வேலியைக் கழட்டினால் காரை என்ரை வளவுக்குள்ளை தூக்கித் திருப்பலாம். ஆனால் வேலி பிறகு எங்கை வரும்? வாத்தியாரிட்டைக் கேட்டுச் சொல்லும்."

வாத்தியார் அவருக்கு ஆறடி தள்ளித்தான் நின்றார். "இருந்த இடத்திலை வரும் எண்டு அவருக்குச் சொல்லும், தம்பி. இருக்கவேண்டிய இடம் வேறை எண்டதையும் சொல்லும்."

இருவருக்கும் சொன்னேன். பிறகு பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தேன். வாழ்க்கையில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். எதிர்ப்பக்கப் பூவரசிலிருந்து வேலி வரை அளந்து வைத்துக்கொண்டால், எதைப் பிடுங்கினாலும் திரும்ப அதே இடத்தில் நடலாம். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். சவிரிமுத்து காருக்கு அடியில் மணல் தோண்டிக்கொண்டிருந்தான். தவமணி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். எல்லாரையும் கடந்து வந்து நாடாவின் முனையை வாங்கினாள்.

"சரியாப் பிடியுங்கோ" என்றேன். நான் அவளோடு பேசிய முதற்பேச்சு.

"நீங்கள்தான் ஆட்டுறியள்" என்றாள். பிறகு, முனையைப் பூவரசில் செருகிவிட்டு, நான் நாடாவைப் பிடித்திருந்த வேலிப் பக்கம் வந்து குனிந்து வாசித்தாள்: "ஏழடி ஒண்டு."

மூன்று இடத்தில் அளந்து எழுதினேன். வேலியைக் கழற்றினார்கள். அடுத்த ஒழுங்கையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், ஏழு பேர். சவிரிமுத்து நாயகம் பண்ணினான், வள்ளத்தைக் கரையேற்றுவதுபோல். "எல்லாரும் ஒண்டாப் பிடியுங்கோ, மூச்சை அடக்குங்கோ, தூக்கு!" காரின் பின்பக்கம் எழும்பி, சின்னத்தம்பியரின் கோழிகளைக் கலைத்துக்கொண்டு அவர் வளவுக்குள் போய் இருந்தது. முன்பக்கத்தையும் தூக்கித் திருப்பினார்கள், நான் முடுக்கினேன். முன்னுக்கு மட்டும் போகிற பிள்ளை பெருந்தெருவை நோக்கி நின்றது.

வேலியைத் திரும்ப அடைக்கத் தொடங்கினோம். மிதிபட்ட மணலில் பழைய குழி ஒன்றும் தெரியவில்லை. வாத்தியார் மெல்ல என் காதருகில் வந்தார்.

"தம்பி, ஒரு மூண்டு அங்குலம் அங்காலை வையும். ஆருக்குத் தெரியப்போகுது?"

கேட்டவர் எனக்கு மாமனாராக வேண்டியவர். ஏற்கனவே பின் கியரில் பாதி மரியாதை போய்விட்டது. மூன்று அங்குலத்தில் அதைத் திரும்ப வாங்கிவிடலாம். நாடாவைப் பிடித்தபடி நிமிர்ந்தேன். எதிரே பூவரசடியில் தவமணி மறுமுனையோடு நின்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே உரக்கச் சொன்னாள்:

"ஏழடி ஒண்டு."

ஏழடி ஒன்றிலேயே முதற்கதியாலை நட்டேன். மற்றவையும் அப்படியே. சின்னத்தம்பியர் தன் முழத்தால் இரண்டு தரம் அளந்து பார்த்தார். பிறகு நேரே வாத்தியாரைப் பார்த்துச் சொன்னார்:

"வாத்தியார், பொடியன் கணக்கான பொடியன்தான்."

வாத்தியார் முதற்கதியாலை ஒரு தரம் அசைத்துப் பார்த்தார். "அது எனக்கு முதலே தெரியும்" என்றார். ஒரு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. ஆவணியில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. பந்தலுக்குப் பாக்கு மரம் தந்தவர் சின்னத்தம்பியர்.

அந்தப் பின் கியரை நாங்கள் திருத்தவில்லை. திருத்தத் தவமணி விடவில்லை. தீவுப்பகுதியில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் நாலு பேர் வந்து தூக்கித் திருப்பிவிட்டார்கள், தேநீரும் தந்தார்கள். பிறகு யுத்தத்தில் ஊரை விட்டு எல்லாரும் புறப்பட வேண்டி வந்தபோது அதைக் கொட்டிலில் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கொட்டிலும் இல்லை.

சென்ற மாதம் மகள் காரைப் பின்னுக்கு எடுத்துப் பெருந்தெருவில் ஏற்றியதும் நிற்பாட்டச் சொன்னேன். பையிலிருந்த நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின் ஆசனத்திலிருந்து தவமணியும், கூப்பிடாமலே, இறங்கி வந்தாள். பூவரசு இல்லை. வாத்தியார் வீட்டு மதிலைக் கனடாவிலிருந்து அவள் தம்பி தொலைபேசியில் சொல்லிக் கட்டுவித்தான். எதிர்மதிலைச் சின்னத்தம்பியரின் பிள்ளைகள் நோர்வேயிலிருந்து கட்டுவித்தார்கள். அவள் ஒரு மதிலில் முனையைப் பிடித்தாள். நான் மற்ற மதிலுக்கு இழுத்து வந்து வாசித்தேன்.

"ஆறடி பத்து."

"சரியாப் பிடிச்சனீங்களோ?"

"நான் ஆட்டேல்லை. மூண்டு அங்குலம் குறையுது."

மகள் ஹோர்ன் அடித்தாள். தவமணி இந்தப் பக்கம் பார்த்தாள், பூட்டிய கதவு. அந்தப் பக்கம் பார்த்தாள். முற்றம் முழுவதும் வடலி, தானாய் முளைத்த இளம்பனைகள்.

"இனி ஆரோடை போய்ச் சண்டை பிடிக்கிறது?" என்றாள், நாடாவைச் சுற்றிக்கொண்டே.