நெருப்பக்காவின் இரண்டு கம்பெனிகள்

ஸ்பாஞ்சு மெத்தையும் சோபாவும் செய்யும் பட்டறைகள் நெருங்கிக் கிடந்த அந்தத் தெருக்களில் அவளை எல்லோரும் நெருப்பக்கா என்றுதான் சொல்வார்கள். கோபக்காரி என்பதால் வந்த பெயர் இல்லை. அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எந்தப் பட்டறைக்குள் கால் வைத்தாலும், வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே, "தீப்பிடிச்சா எந்தப் பக்கமா ஓடுவீங்க?" என்று கேட்பாள். அதில் வந்த பெயர்.

அவள் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட்டவள் அல்ல. தனியாக நின்று பல கம்பெனிகளின் பாலிசிகளை விற்கிறவள். கணவனை விட்டு ஒரே பெட்டியோடு வெளியே வந்தபோது, தம்பிதான் தன் வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்தான். தன் பட்டறையில் செய்த சோபா ஒன்றையும் தூக்கி வந்து போட்டான். "வர்றவன இதுல உக்கார வைக்கா. எழுந்திரிக்க மனசே வராது. நீ காட்டுற இடத்துலல்லாம் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவான்" என்று சிரித்தான்.

ஆரம்பத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் பிடித்தாள். சலூன், டயர் கடை, பல் டாக்டர், கோழிப் பண்ணை. செருப்புத் தேய்ந்ததே தவிர எந்தக் கம்பெனியும் அவளை ஓர் ஆளாக மதிக்கவில்லை. பழைய, பெயர்பெற்ற கம்பெனி ஒன்றின் மேலாளர் மட்டும் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். "நீங்க கொண்டு வர்றது ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லம்மா. இதை வச்சு உங்களை எப்படி நம்புறது? ஒரே தொழிலைப் பிடிங்க. அதுல உங்களுக்குத் தெரியாதது எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம் வாங்க, பேசுவோம்."

அவள் ஸ்பாஞ்சைப் பிடித்தாள். மற்ற ஏஜென்ட்டுகள் தலைதெறிக்க ஓடிய தொழில் அது. பற்றினால் அணைப்பதற்குள் கரும்புகைதான் மிஞ்சும். தம்பியின் பட்டறையிலேயே பழியாகக் கிடந்து கற்றுக்கொண்டாள். எந்தப் பசையின் ஆவி தீயை இழுக்கும், எந்த மோட்டாரில் பொறி பறக்கும், கதவை அடைத்து மெத்தை அடுக்குகிற முதலாளி எப்படிப் பேசுவான், எல்லாம் அவளுக்கு அத்துப்படியாயிற்று.

இரண்டே கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்தாள். அந்தப் பழைய கம்பெனிக்குப் பெரியவர் என்று பெயர் வைத்தாள்; அவள் வாயிலிருந்து சில முதலாளிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆயிரம் கேள்வி கேட்பார். ஆனால் எரிந்தால் மறுபேச்சில்லாமல் கொடுப்பார். இன்னொன்று புதிது; அது சின்னவர். யாரையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆனால் பசை டிரம் உள்ளே இருந்தது, ஸ்பாஞ்சு சுவரைத் தொட்டது என்று ஏதாவது ஒரு நிபந்தனையைக் காட்டி, பணம் தராமல் கைகழுவுவதில் கெட்டிக்காரர். சுத்தமான பட்டறைகள் பெரியவருக்கு, குப்பைகள் சின்னவருக்கு. நிபந்தனைகளை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. டீ வருகிற நேரத்தில் கடகடவென்று ஒரு தடவை வாசித்துவிடுவாள். யாரும் காது கொடுத்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தம்பியின் பட்டறை குப்பைதான். வாசலை மறித்துப் பசை டிரம்கள். பல்பை முட்டும் உயரத்துக்கு ஸ்பாஞ்சு.

"இதையெல்லாம் ஒழுங்கு பண்ணுடா" என்றாள்.

"நீ அக்காவா, இன்ஸ்பெக்டரா? ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. பாலிசிய எந்தக் கம்பெனில போட்டாலும் சரி, உன் கையால போடு."

பெரியவரிடம் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் இந்தப் பட்டறை எரிந்தால் மேலாளர் அவளுடைய மற்ற பட்டறைகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார். கட்டிய பெயரெல்லாம் போய்விடும். தம்பிக்காகப் பேச வாய் வரவில்லை. சின்னவரிடம் போட்டாள்.

"நல்ல கம்பெனிதானே?"

"எல்லாம் ஒண்ணுதான்டா" என்றாள். அந்த ஒன்று மட்டும் பொய்.

தீ ஒரு மத்தியானம் பிடித்தது. எல்லோரும் சாப்பிட வெளியே உட்கார்ந்திருந்ததால் உயிர் தப்பினார்கள். ஸ்பாஞ்சு வெட்டுகிறவர் மட்டும் மெஷினைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளே ஓடினார். இரண்டு கைகளும் வெந்துபோய் வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கைகளால் அவர் கத்தியைப் பிடிக்கவே இல்லை.

சின்னவர் அனுப்பிய ஆள் மிக மரியாதையானவர். தம்பியின் மனைவி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். கருகிய டிரம்களைப் படம் எடுத்தார். "ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்றார். கொஞ்ச நாளில், பணம் கொடுப்பதற்கில்லை என்று பதில் வந்தது.

தம்பி அவளுடைய அலுவலகத்துக்கு வந்தான். அப்போது அவள் தனியாக இடம் பிடித்து, கண்ணாடிக் கதவெல்லாம் போட்டிருந்தாள். அவன் மனைவியும் கூட வந்திருந்தாள்.

"மெத்தைக்காரங்க எல்லாம் பெரியவருன்னு ஒருத்தரச் சொல்றாங்க. அவரு யாருக்கா?"

அவள் சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள்.

"என்னை அங்க போடலாமான்னு கேட்டியா?"

"கேட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டாங்கடா."

"அதைக் கேக்கல. கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்?"

"உனக்காகக் கேட்டா, நாளைக்கு நான் சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. மத்தவங்களும் என்னை நம்பித்தானே இருக்காங்க."

தம்பி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நியாயத்தைப் புரிந்துகொள்கிறவன் மாதிரி. அவன் மனைவி எழுந்து நின்றாள்.

"நீங்க வந்தன்னிக்கு நாங்க யாருகிட்டயும் கேக்கல அண்ணி. பேசாம கதவத் திறந்தோம்."

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர்கள் போன பிறகு அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னாள்.

சொந்தத் தம்பியையே கைவிட்டவள் என்று தெருவெல்லாம் பேச்சாகும், பிழைப்பு போச்சு என்று பயந்தாள். பேச்சானது உண்மை. ஆனால் நடந்தது வேறு. "தம்பிக்கே சலுகை காட்டல. அந்தம்மா சரின்னா சரிதான்" என்று முதலாளிகள் வரிசை கட்டி வந்தார்கள். மேலாளர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து கை கொடுத்தார்.

"ஸ்பாஞ்சுன்னா இனிமே நீங்கதான்மா. வேற யாரையும் நாங்க பார்க்கிறதா இல்ல."

அதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிக்கலாம். சொன்ன பேச்சைக் கேட்காத முதலாளிகளை அவள் தம்பியின் எரிந்த கொட்டகைக்கு அழைத்துப் போக ஆரம்பித்தாள். உருகித் தரையோடு ஒட்டிப்போன ஸ்பாஞ்சைக் காலால் தட்டிக் காட்டுவாள். "இது யாரோட இடம் தெரியுமா?" என்பாள். பார்த்தவர்கள் அன்றைக்கே டிரம்களை வெளியேற்றினார்கள். அவளுக்குத் தெரிந்த எந்தப் பேச்சும் அந்தக் கொட்டகை அளவுக்கு விற்றுத் தரவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு நாள் ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த பெரிய தொழிற்கூடத்தைப் பார்க்கப் போனாள். முதலாளி கூடவே நடந்தார். கடைசி வரிசையில் சோபாவுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். தம்பி. முடி கொட்டி, கண்ணாடி போட்டிருந்தான். கூலிக்கு வந்து சேர்ந்து எவ்வளவு நாளாயிற்றோ.

அவள் நின்றுவிட்டதைப் பார்த்த முதலாளி, "உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"இல்லைங்க. என் பழைய இடத்துக்கு இவங்க அடிக்கடி ஆளுங்களக் கூட்டிட்டு வருவாங்க. அங்க பாத்திருக்கேன்."

சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதித்தான். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் பேச முடியாது. முதலாளி அடுத்த வரிசையைக் காட்டினார். அவளும் போனாள். வயரிங்கைப் பார்த்தாள், அவசர வழிகளைப் பார்த்தாள், பசை வைத்திருந்த தனி அறையைத் திறந்து பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"சுத்தமா வச்சிருக்கீங்க. நல்ல கம்பெனியிலயே போட்டுரலாம்" என்றாள்.

"வேலை செய்றவங்களுக்கும் சேத்துதானே மேடம்?"

"எல்லாருக்கும்" என்றாள். காரில் ஏறிய பிறகும் மெஷின் சத்தம் கேட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலாளருக்குப் போன் போட்டாள்.