பூ வைத்துக்கொண்டு போன நாள்

ஊரெல்லாம் மூட்டுக்காய்ச்சல் வந்துபோன வருடம் அக்காவுக்கும் வந்தது. மற்றவர்கள் ஒன்றிரண்டு மாதத்தில் தேறிவிட்டார்கள். அக்கா தேறவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இரண்டு நாள் படுக்கை. தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் போலவே இருப்பாள்.

கூட்டேரிப்பட்டுப் பக்கம், நிலக்கடலை போடும் குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். “மல்லாட்டை ஆயக் கூப்ட்டா மட்டும் மகாராணிக்கு ஒடம்பு முடியாம பூடும்” என்பார் மாமியார். கடைசியில் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: “நோவுன்னு டாக்டரு எழுதிக் குடுக்கட்டும், நான் வாயத் தொறக்கல. இல்லன்னா உங்க வூட்டுக்கே இட்டுக்கினு போயிடு.”

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அப்போது திண்டிவனத்தில் கல்லூரி இரண்டாம் வருடம்.

“எண்ண வச்சி தல சீவிக்கினு, நல்ல பொடவையா கட்டிக்கினு வாக்கா. இப்பிடியே வந்தா டாக்டரு மதிக்க மாட்டாரு” என்றேன். டாக்டர் மதிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது என்னைத்தான்.

அந்த ஒரு நாளுக்காக அக்கா மூன்று நாள் அசையாமல் படுத்துத் தெம்பு சேர்த்தாள். நான்காம் நாள் பூ வைத்து, பவுடர் போட்டு வந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் நார்மல். “நல்லாத்தானேம்மா இருக்கே? கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருக்கே” என்றார் டாக்டர். பிறகு என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, வீட்டு வேலைக்குப் பயந்து நடிக்கிறாளா என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

இருக்கலாம் சார் என்று நானும் இங்கிலீஷிலேயே சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். வாக்கியம் பிழையில்லாமல் வந்துவிட்ட சந்தோஷம்தான் முதலில் வந்தது. அவர் சத்து மாத்திரை எழுதி, நோய் எதுவும் இல்லை என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அக்கா கேட்டாள். “இன்னாடா சொன்ன அவருகிட்ட?”

“உன் கஷ்டத்தத்தான் சொன்னேன்.”

“அதுக்கு ஏன் சிரிச்சீங்க?”

நான் டிக்கெட்டைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.

அந்தச் சீட்டை மாமியாருக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். மறுநாளே அக்காவைக் கடலைக் கொல்லைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பாதி வேலையில் வரப்பிலேயே படுத்துவிட்டாளாம். அந்த வாரமே எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். திரும்பக் கூப்பிடவில்லை.

சில வருடம் கழித்து, விழுப்புரத்தில் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு ஒரு முகாம் நடந்தது. அக்காவுக்காகப் போனேன். அங்கிருந்தவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, “கை, காலு, கண்ணு, காது எல்லாத்துக்கும் எடம் இருக்குது தம்பி, அசதிக்கு இல்லியே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தேடிப் பார்த்தார்.

வேலைக்குப் போன பிறகுதான், ஒரு நாள் கம்ப்யூட்டரில் எதையோ தேடப்போய், அக்காவுக்கு இருப்பதெல்லாம் வரிசையாக எழுதியிருந்த ஒரு பக்கத்தைப் படித்தேன். வீட்டுக்கு ஓடினேன்.

“யக்கா, இது நோவுதான். இதுக்குப் பேரு கூட இருக்குது.”

அக்கா சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள்.

“அன்னிக்கி அந்த டாக்டருதான் காதுல வாங்கல. நீ எம்மாம் எடுத்துச் சொன்ன” என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.