லோங்காங்கில் ஆரஞ்சு போட்ட டீச்சர்

செல்வநாயகி டீச்சர் ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்கள் இடைநிலைப் பள்ளியில் பல வருடமாகப் புவியியல் சொல்லிக்கொடுத்து வந்தார். சாக்குக் கட்டியைக் கையில் எடுத்தால் ஆப்பிரிக்காவைப் பார்க்காமலே வரைந்துவிடுவார். அமேசான் ஆற்றின் கிளைகளை, சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைப்பார். ஆனால் வகுப்பறைக்கு வெளியே இருக்கும் பூமியோடு அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. வெயில் பட்டால் தலைவலி. சேற்றைக் கண்டால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதிய பாடத்திட்டம் வந்தது. அதில் சுற்றுச்சூழலின் தரம் என்று ஒரு பாடம். அதன் கடைசியில், மாணவர்கள் வெளியே சென்று தங்கள் வட்டாரத்தை நேரில் ஆராய வேண்டும் என்று ஒரு வரி. டீச்சர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். மற்ற ஆசிரியர்கள் மலைக்கும் கடலுக்கும் பஸ் ஏற்பாடு செய்தார்கள். டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளியின் பின்சந்து. அதில் ஒரு பெரிய சாக்கடை, ஊரார் சொல்வதுபோல லோங்காங், கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"இதைவிடப் பக்கத்துல வேற இடம் ஏது?" என்றார் டீச்சர். இடம் முடிவாகிவிட்டது.

தண்ணீரின் நிறம், வாடை, வேகம் மூன்றையும் பார்க்க வேண்டும். வேகம் பார்க்க மிதக்கிற பொருள் ஏதாவது வேண்டும். கட்டை மிதக்கும், ஆனால் கறுப்புத் தண்ணீரில் தெரியாது. பிளாஸ்டிக் போட்டால் பாடத்துக்கே அவமானம். யோசித்துப் பார்த்து, டீச்சர் பசாரில் ஒரு பை ஆரஞ்சு வாங்கினார். சீனப் புத்தாண்டு முடியப்போகிற நேரம் என்பதால் மலிவாகக் கிடைத்தது. கறுப்புத் தண்ணீரில் பளிச்சென்று தெரியும், எங்காவது தங்கிப்போனாலும் மக்கிவிடும்.

சந்தில் இறங்கக் குறித்த நாள் சாப் கோ மே என்பது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை. புத்தாண்டின் பதினைந்தாம் நாளான அன்று, பினாங்கில் கல்யாணமாகாத சீனப் பெண்கள் கடற்கரைக்குப் போய், நல்ல கணவன் வேண்டுமென்று வேண்டிக்கொண்டு ஆரஞ்சைக் கடலில் எறிவார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். செல்வநாயகி டீச்சருக்கு நாற்பது வயதாகப் போகிறது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதும் அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம்.

காலையில் டீச்சர் குடையோடு சந்தில் இறங்கினார். பின்னால் இருபதுக்கு மேற்பட்ட பெண்கள். சல்மா என்ற மாணவி சந்து முடிகிற இடத்தில் ஆரஞ்சைப் பிடிக்க வலைக்கூடையோடு நின்றாள். டீச்சர் ஒரு ஆரஞ்சை எடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, மெல்லச் சாக்கடையில் விட்டார். அது ஒரு முழுக்குப் போட்டு எழுந்து மிதந்து போனது. பெண்கள் கைதட்டினார்கள். இன்னொன்று விட்டார். எதிரே காய்கறி கழுவிக்கொண்டிருந்த சீன அம்மாள் எழுந்து நின்று, சிரித்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சுற்றுச்சூழலில் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று டீச்சருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

பை காலியானது. ஆனால் சல்மாவின் கூடையில் ஒன்றும் வந்து சேரவில்லை.

"வரலைலா டீச்சர்!" என்று அவள் அங்கிருந்து கத்தினாள்.

எல்லாரும் சாக்கடையோரமாகவே தேடிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் சிமெண்டுப் பலகை போட்டு மூடிய இடம் ஒன்று வந்தது. அதன் வாயில் ஆரஞ்சுகள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாகக் கொழுப்பு உறைந்து, நெய்ச்சோற்றுப் பானையின் அடிபோலக் கெட்டிப்பட்டிருந்தது. மேலே ஒரு கடையின் பின்கதவு. சோறும் கறியும் விற்கிற நாசி கண்டார் கடை. சல்மா தலையைக் குனிந்துகொண்டாள். அது அவளுடைய அப்பா முகம்மது கனியின் கடை.

சத்தம் கேட்டு முகம்மது கனி கரண்டியோடு வெளியே வந்தார். முதலில் மகளைப் பார்த்தார், பிறகு டீச்சரை, பிறகு ஆரஞ்சை. முகம் மலர்ந்துவிட்டது.

"என்னங்க டீச்சர், மாப்பிள்ளை வேணும்னா கடல்ல போடணும்லா. லோங்காங்ல போட்டா எப்படிப்பட்ட மாப்பிள்ளை வருவான்?"

அப்போதுதான் டீச்சருக்கு விளங்கியது. சீன அம்மாளின் கட்டைவிரலும் விளங்கியது. காது வரை சிவந்து போனார். பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தார்கள். டீச்சர் குடையை மடக்கினார்.

"மாப்பிள்ளை வந்தாத்தான் என்ன அண்ணே? உங்க எண்ணெயில மாட்டிக்கிட்டு இங்கேயே நிப்பாரு!"

முகம்மது கனியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அடுத்த நொடி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பலகையை நகர்த்தச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார். பலகை நகர்ந்ததும் எழுந்த வாடையில் வகுப்பு முழுவதும் பத்தடி பின்வாங்கியது. சிரிப்பும் அதோடு நின்றது.

"எண்ணெயை வடிகட்டுற தொட்டி ஒன்னு வைக்கச் சொல்லி நகராண்மையில சொன்னாங்க, நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன்" என்றார் அவர், தணிந்த குரலில்.

சல்மா அப்போது தலையை நிமிர்த்தினாள். "டீச்சர், நம்ம கேண்டீன் தண்ணியும் இதுலதானே விழுது? நாம ஏன் அதுக்குக் கீழே இருந்து ஆரம்பிச்சோம்?"

டீச்சர் உண்மையைச் சொன்னார். "அங்க ரொம்ப நாறுச்சும்மா."

அன்று மாலை, பலகை நகர்த்திய விவரம் கேட்க, நகராண்மையில் சாக்கடைகளை மேற்பார்வை செய்யும் அப்புத்துரை டீச்சர் வீட்டைத் தேடி வந்தார். நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை. டீச்சரின் தாய் நல்லம்மா கதவைத் திறந்தார். மகள் ஆரஞ்சு போட்ட செய்தி அவருக்கு மத்தியானமே வந்து சேர்ந்திருந்தது. காலையில் போட்டு மாலையில் ஆள் வந்து நிற்பதைப் பார்த்ததும், தெய்வத்தின் வேகம் அவரைத் திகைக்க வைத்தது.

"வாங்கோ தம்பி, இருங்கோ" என்று உபசரித்து, தேநீரும் வடையும் வைத்தார். டீச்சர் குளித்துவிட்டு வருவதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

"தம்பிக்கு எந்த நட்சத்திரம்?"

"நட்சத்திரமா? நான் சாக்கடை விசயமா வந்தேம்மா."

"அது பிறகு பேசலாம். வீட்டில் யார் யார்?"

"மனைவி, மூணு பிள்ளைங்க."

நல்லம்மா வடைத் தட்டைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உள்ளே வந்த செல்வநாயகி அந்த முகத்தைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். கோபித்துக்கொண்ட தாய் சமையலறைக்குப் போய்விட்டார். பிறகுதான் அப்புத்துரைக்குச் சாக்கடை பற்றிப் பேச முடிந்தது.

முகம்மது கனியின் கடைக்குத் தொட்டி ஒரு மாதத்துக்குள் வந்தது. பள்ளிக்கூடத்துக்குத்தான் தாமதம். மாணவிகளின் ஆய்வுக் கட்டுரை வெளியார் பார்வைக்கு வைக்கிறது, அதில் கேண்டீனைப் பற்றி எழுத வேண்டாம் என்று தலைமையாசிரியை சொன்னார். டீச்சர் அவரைக் கேண்டீன் சுவருக்குப் பின்னால் அழைத்துப்போய் நிறுத்தி, மழை பற்றியும் புது நேரப்பட்டியல் பற்றியும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கட்டுரைக்கும் தொட்டிக்கும் சம்மதித்தார். சாக்கடை பன்னீராக ஓடவில்லைதான். ஆனால் மழைக்காலத்தில் சந்துக்குள் தண்ணீர் ஏறுவது நின்றது. வகுப்பறையின் பின்பக்க ஜன்னல்களை முதல்முறையாகத் திறந்து வைத்தார்கள்.

அடுத்த வருடம் டீச்சர் மாணவிகளைப் பசாருக்கு அழைத்துப்போனார். பிளாஸ்டிக் பைகள் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்பது ஆராய்ச்சி. "நீ போய் இன்னும் என்ன கதை கட்டிக்கொண்டு வருவாயோ, நானும் வாறன்" என்று நல்லம்மாவும் கிளம்பிவிட்டார்.

மீன் விற்கும் கமாலுதீன் நாலு கெம்போங் மீனை நாலு பையில் போட்டுக் கட்டுவதை நல்லம்மா பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்த மீன் எல்லாம் ஒரே வீட்டுக்குத்தானே போகுது? வழியில சண்டை பிடிக்குமோ?"

"வாடை வரும்லா அம்மா!"

"மீன் வாடை வராமல் மல்லிகை வாடையா வரும்? எல்லாத்தையும் ஒன்றாய்ப் போடு!"

வாக்குவாதம் வளர்ந்தது. பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாணவிகள் சிரிக்கவும் எழுதவும் நேரம் போதாமல் தவித்தார்கள். செல்வநாயகி டீச்சர் ஐஸ் தண்ணீரில் நனைந்த செருப்போடு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அன்று பாடம் நடத்த அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நல்லம்மா அடுத்து இறால் கடைப் பக்கம் நடந்தார். வகுப்பு முழுவதும் அவர் பின்னால் போனது.